வரிசையின் கடைசிக்குப் போகச் சொன்னேன்

ஷிப்லி,
6 ஏப்ரல் 1994

அன்புள்ள மகன் நெவிலுக்கு அம்மா எழுதுவது.

அந்த பெல் என்பவருக்கு நான் கடையை விற்கவில்லை. இதைச் சொல்லிவிட்டுத்தான் நலம் விசாரிப்பு. நான் நலமாக இருக்கிறேன், வலது தோள் மட்டும் நலமில்லை, அது பழைய கதை. நீயும் காரலும் பிள்ளைகள் இருவரும் அங்கே பெர்த் வெயிலில் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். ஞாயிற்றுக்கிழமை நீ தொலைபேசியில் கையெழுத்து ஆயிற்றா என்று கேட்டபோது லைன் சரியில்லை, ஒன்றும் கேட்கவில்லை என்று வைத்துவிட்டேன் அல்லவா, லைன் நன்றாகத்தான் இருந்தது. தொலைபேசியில் நீ குறுக்கே பேசுவாய், கடிதத்தில் அது முடியாது, அதனால் இதை உட்கார்ந்து முழுக்கப் படி.

விற்பதாகத்தான் இருந்தேன், அதை மறைக்கவில்லை. ஜனவரியில் பொரிக்கும் கூடையைத் தூக்கும்போது தோள் பிடித்துக்கொண்டு பாதி சிப்ஸைத் தரையில் கொட்டினேன், அன்றிலிருந்து மாட்டுக் கொழுப்புக் கட்டிகளை மார்லீன்தான் தூக்கிச் சட்டியில் போடுகிறாள். பெல் நல்ல கோட்டுப் போட்டுக்கொண்டு வந்தார், அவர் கம்பெனிக்கு லீட்ஸிலும் பிராட்ஃபோர்டிலும் பதினோரு கடைகள், எல்லாம் அந்தந்தப் பழைய முதலாளி பெயரிலேயே நடக்கின்றன, இதுவும் 'சக்டன் மீன்கடை' என்றே இருக்கும், வெளியே போர்டு மாறாது என்றார். உள்ளே என்ன மாறும் என்று நான் கேட்கவில்லை. முப்பத்தோரு வருஷம் உருளைக்கிழங்கு மூட்டையைக்கூட அவிழ்த்துப் பார்க்காமல் வாங்காதவள் கேட்கவில்லை. அறுபத்தேழு வயதில் ஒருத்தர் உட்காருங்கள் என்று சொன்னால் நாற்காலி கால் உடைந்ததா என்று பார்க்கத் தோன்றவில்லை, அவ்வளவுதான். பெரிய வெள்ளியன்று மத்தியானம் இரண்டு மணிக்கு, முதல் வேளை வியாபாரம் முடிந்ததும் வாருங்கள், கையெழுத்துப் போடுகிறேன் என்று சொல்லியனுப்பினேன். மார்லீனிடம் சொல்லவில்லை. மை காயும்வரை வேலைக்காரருக்குச் சொல்லாதே என்று நானே உனக்குச் சொல்லிக்கொடுத்தவள்தான், ஆனால் பத்தொன்பது வருஷம் என் பக்கத்தில் நின்று பொட்டலம் கட்டியவளுக்கு அந்தச் சட்டம் பொருந்தாது என்று எனக்குத் தெரியும். தெரிந்தே சொல்லவில்லை. நான் செய்த கோழைத்தனம் அது ஒன்றுதான், அதை இங்கே எழுதிவைக்கிறேன்.

பெரிய வெள்ளி எப்படி இருக்கும் என்று உனக்கு நினைவிருக்கும். கோயிலுக்குப் போகிறவனும் போகாதவனும் அன்றைக்கு மீன்தான் தின்பான். பதினொன்றரைக்குத் திறந்தேன், அதற்குள் வரிசை தபால்பெட்டியைத் தாண்டிவிட்டது. மழையும் இல்லாமல் பனியும் இல்லாமல் இரண்டுக்கும் நடுவில் ஒன்று பெய்துகொண்டிருந்தது, ஒருத்தர் நகரவில்லை. கண்ணாடியெல்லாம் ஆவி. மார்லீன் உப்பு வினிகர் போட்டுப் பொட்டலம் கட்ட, நான் இடது கையால் மீனை மாவில் தோய்த்துச் சட்டியில் விட, வேலை நன்றாகப் போய்க்கொண்டிருந்தது. பன்னிரண்டேகாலுக்கு பெல் வந்தார். இரண்டு மணிக்கு வரச்சொன்னால் பன்னிரண்டேகாலுக்கு. வந்தவர் வரிசையைத் திரும்பிக்கூடப் பார்க்காமல், ஈரக் குடையை மடக்கிக்கொண்டு, எல்லாரையும் விலக்கிக்கொண்டு நேரே கல்லாவுக்கு முன்னால் வந்து நின்றார். பின்னாலிருந்து ஒரு பெண், "ஐயா, நாங்கல்லாம் இங்க சிலையா நிக்கிறோமா?" என்றாள். அவர் சிரித்துக்கொண்டே, "நான் மீன் வாங்க வரலம்மா, கடையையே வாங்க வந்திருக்கேன், ரெண்டு மணிக்கு மேல இது என் கடை" என்றார். அதோடு நின்றாரா, என்னைப் பார்த்து, "உங்க மகன்கிட்டயும் பேசிட்டேன், அம்மா கடைசில ஒத்துக்குவாங்கன்னு அவரே சொன்னார்" என்றார்.

நெவில், நீ அவரிடம் பேசியதை எனக்கு நீ சொல்லவில்லை. நாற்பது பேர் முன்னால், கையில் மாவோடு, சட்டியில் எட்டு மீன் பொரியும்போது அவர் வாயால் கேட்டேன். கோபமில்லை என்று எழுதலாம் என்று நினைத்தேன். கோபம் இருக்கிறது. நல்லெண்ணத்தில் பேசினாய் என்றும் தெரியும், இரண்டும் ஒரே நேரத்தில் இருக்கலாம்.

மார்லீன் கரண்டியை வைத்துவிட்டு என்னைப் பார்த்து, "நெசமா எட்னா?" என்றாள். நான், "பேசியிருக்கேன், இன்னும் கையெழுத்துப் போடல" என்றேன். "எங்கிட்ட எப்ப சொல்றதா இருந்தீங்க? திங்கக்கிழமை பூட்டு மாத்துன பெறகா?" என்றாள். பதில் இல்லாதவள் வேறு யாரையாவது அதட்டுவாள், அது உலக வழக்கம். நான் பெல்லிடம் திரும்பி, "வரிசையோட கடைசில போய் நில்லுங்க" என்றேன். அவர் விளையாட்டு என்று நினைத்துச் சிரித்தார். "இந்தக் கடைல மேயர் வந்தாலும் வரிசைதான், பாதிரியார் வந்தாலும் வரிசைதான். ரெண்டு மணிக்கு மேல உங்க கடைன்னா, இப்ப மணி பன்னெண்டேகால், இது என் கடை. போங்க" என்றேன். அந்தப் பெண் வழிவிட்டு, "இந்தப் பக்கமா கண்ணு, தபால்பெட்டிக்கு அந்தாண்ட" என்று கையைக் காட்டினாள். போனார். அவருக்கு முன்னால் கடைசியாக நின்றவர் நம் வில்ஃப், கம்பளி ஆலையில் வேலைசெய்து ஓய்வுபெற்றவர், ஒரு வெள்ளிக்கிழமையும் தவறாதவர்.

அதன்பிறகு இருபது பேருக்காவது பொட்டலம் கட்டியிருப்பாள் மார்லீன், என்னோடு ஒரு வார்த்தை இல்லை. மற்றவர்களோடு மட்டும், உப்பா, வினிகரா, துணுக்கு வேணுமா. நம் கடையில் மாவுத் துணுக்கு கேட்டால் சும்மா, அது உனக்குத் தெரியும், பொரித்த மாவின் உதிரி, அதற்கு என்ன விலை. வாசலுக்கு வெளியே பெல் சும்மா இருக்காமல் வில்ஃபிடம் பெருமையாகக் கடையின் எதிர்காலத்தைச் சொல்லியிருக்கிறார். வில்ஃப் அதை முன்னால் நின்றவரிடம் சொல்ல, அவர் அவருக்கு முன்னால் நின்றவளிடம் சொல்ல, ஒன்றொன்றாகச் செய்தி வரிசையில் ஏறி உள்ளே வந்தது. முதலில், "எட்னா, மாட்டுக் கொழுப்பு கிடையாதாம், பாமாயிலாம்!" அடுத்தது, "ஹேடக் மீன் தோலோட பெட்டில உறைஞ்சு வருமாம்!" இங்கே தோலோடு யார் தின்கிறார்கள், தெற்கே போய்த் தின்னட்டும். மூன்றாவது செய்தி வர இரண்டு நிமிஷம் ஆயிற்று, வரும்போதே கூச்சலோடு வந்தது, "துணுக்குக்கு இருபது பென்ஸாம்! டப்பால போட்டு!" மேய்ப்பன் தெரு பல்வைத்தியர், வாயைத் திறந்து பேசி நான் பார்த்ததில்லை, அவர், "இது கொள்ளை" என்றார். நான் சட்டியைப் பார்த்துக்கொண்டே நின்றேன். வெளியே போர்டில் என் பெயர், உள்ளே இதெல்லாம். மூட்டையை அவிழ்த்துப் பார்க்காமல் வாங்குகிறவளை நான் முட்டாள் என்பேன், அவிழ்த்துப் பார்க்காமல் விற்கிறவளை என்னவென்று சொல்வது.

அப்போதுதான் மார்லீன் தாளை மடித்துக்கொண்டே, என்னைப் பார்க்காமல், "அவர் எவ்வளவு சொன்னார்?" என்றாள். அறுபதாயிரம் என்றேன். "உங்க பேரோட சேர்த்தா?" ஆமாம் என்றேன். "எனக்கு உங்க பேரு வேணாம். பேரைக் கழிச்சுட்டு வெல சொல்லுங்க" என்றாள். நெவில், பத்தொன்பது வருஷம் இவளை நான் பொட்டலம் கட்டுகிறவள் என்றுதான் நினைத்திருந்தேன். பேரு வேணாம்னா என்னடி அர்த்தம், அந்தப் பேருக்காகத்தானே இத்தனை பேர் வர்றாங்க என்றேன். அதற்குள் வில்ஃப் வாசல்படி ஏறிவிட்டார். "பேரையா திங்கப் போறோம்? எனக்கு ஒரு பெரிய மீன், நல்லா முறுகலா" என்றார். கடை முழுக்கச் சிரிப்பு. நான் ஐம்பது என்றேன். மார்லீன் முப்பது என்றாள். ஆலை மூடியபோது அவள் கணவனுக்கு வந்த பணம் பன்னிரண்டாயிரம் அப்படியே இருக்கிறதாம், மிச்சத்தை வருஷா வருஷம் தருவாளாம். "முப்பதா? அடுப்பு மட்டுமே அவ்ளோ வெல" என்றேன். "அந்த அடுப்போட இடது பக்க எரிவாய் எப்ப அணையும், எந்த இடத்துல தட்டுனா எரியும்னு உங்களுக்கும் எனக்கும்தான் தெரியும், அவருக்குத் தெரியுமா? அதுல எனக்குக் கழிவு உண்டு" என்றாள். பொட்டலம் வாங்கியும் போகாமல் நின்ற அந்தப் பெண், "எட்னா, ரெண்டு கொறச்சுக்கோ, பாவம்" என்றாள். பல்வைத்தியர், "மார்லீன், மூணு ஏத்துங்க, நியாயம்னு ஒண்ணு இருக்கு" என்றார். ஏலம் போல ஆகிவிட்டது. இத்தனைக்கும் நடுவில் ஒரு மீன்கூடக் கருகவில்லை.

ஒன்றரைக்கு பெல்லின் முறை வந்தது. மீசையில் பனி, தோள்பட்டையெல்லாம் ஈரம், கையில் தாள்கள் வைத்த பை. ஒரு மீனும் சிப்ஸும் என்றார், அதாவது கேட்டார், சொன்னபடி வரிசையில் நின்றே கேட்டார், அதற்கு நான் மரியாதை கொடுக்கிறேன். நான், "உப்பு, வினிகர்?" என்றேன். அவர் தாழ்ந்த குரலில், "அறுபத்தஞ்சு" என்றார். "நான் கேட்டது உப்பும் வினிகரும்" என்றேன். அவர் என்னைப் பார்த்தார், மார்லீனைப் பார்த்தார், பின்னால் இருந்த வரிசையைப் பார்த்தார். "ரெண்டும்" என்றார். மார்லீன் நிறையவே போட்டாள், மேலே துணுக்கும் ஒரு கரண்டி, சும்மாதான். எதிரே குட்டைச் சுவரில் தாளை மடியில் விரித்து உட்கார்ந்து தின்றார், ஆவி வழியே பார்த்தேன். முதல் சிப்ஸ் நாக்கைச் சுட்டது, எல்லாருக்கும் சுடும். அப்புறம் மீனின் முதுகை விரலால் பிளந்தார், உள்ளே வெள்ளை மடல் மடலாகப் பிரிந்தது, மாவு சலசலவென்று உடைந்தது. கைக்குட்டையை எடுத்தவர் பாதியில் உள்ளே வைத்துவிட்டு விரலையே நக்கினார். தாளின் அடியில் வினிகரில் ஊறி ஒட்டியிருந்த துணுக்கைக்கூட விடவில்லை. எழுந்து, தாளைச் சுருட்டிக் குப்பைத்தொட்டியில் போட்டுவிட்டு, கையைத் தூக்கி எனக்கு ஒரு கும்பிடு மாதிரி காட்டிவிட்டுக் காருக்குப் போனார். தொழில் தெரியாத ஆள் இல்லை. தின்னத் தெரிகிறது, விற்கத்தான் தெரியவில்லை.

இரண்டு மணிக்குக் கதவைச் சாத்தி நானும் மார்லீனும் அதே சுவரில் போய் உட்கார்ந்தோம். ஆளுக்கு ஒரு பொட்டலம். முப்பத்தோரு வருஷத்தில் என் கடை மீனை வாடிக்கையாளர் மாதிரி வெளியே உட்கார்ந்து, தாளிலிருந்து, சூடாக, கையால் தின்றதில்லை நான். எப்போதும் நின்றுகொண்டு ஆறிப்போன வால்துண்டு. இவ்வளவு நன்றாக இருக்கும் என்று யாரும் என்னிடம் சொல்லவில்லை, சொல்லியிருந்தால் பத்துப் பென்ஸ் கூட்டி விற்றிருப்பேன். மார்லீனிடம் சொல்லாமல் விட்டது என் தப்பு என்று சொன்னேன். "தப்புதான்" என்றாள். பரவாயில்லை என்று சொல்லவில்லை. அதனால்தான் அவளுக்கு விற்கலாம் என்று முடிவு செய்தேன்.

இனி பெர்த்துக்கு வா, வந்து எங்களோடு இரு என்று எழுதாதே. காரல் நல்ல பெண், அறையைத் தயார் செய்து வைத்திருப்பாள், அதற்கு என் நன்றியைச் சொல். ஆனால் அங்கே சுறாமீனை வேறு பெயர் சொல்லிப் பொரித்து விற்கிறார்கள் என்று நீயே எழுதினாய், அந்த ஊரில் எனக்கு என்ன வேலை. உன் பங்கில் இருபத்தேழாயிரம் குறைந்துவிட்டது என்று கணக்குப் போடுவாய், கணக்காளன் போடாமல் இருப்பானா, போடு. அது என் தோளின் பணம், உன்னுடையதல்ல, உனக்குப் படிப்பு கொடுத்ததும் இந்தக் கொழுப்புச் சட்டிதான். சின்னவனுக்கு இருமல் இருந்தால் பால் கொடுக்காதே, வெந்நீரில் தேன் கொடு. பெரியவளின் பள்ளிப் படத்தை அனுப்பு, போன வருஷமும் கேட்டேன். கடவுள் உங்கள் நால்வரையும் நோய்நொடி இல்லாமல், யாருக்கும் தலைகுனியாமல் வைத்திருக்கட்டும். இனிமேல் என்னைப் பற்றி யாரிடமாவது பேசுவதென்றால் என்னிடம் முதலில் பேசு, இதை மறக்காதே.

நேற்று வக்கீல் முன்னால் முடித்தது இதுதான். சட்டியில் மாட்டுக் கொழுப்பு, தோலுரித்த ஹேடக், கேட்டவருக்குத் துணுக்கு சும்மா. மாடி வீடு வாடகையில்லாமல் என் காலம் வரை எனக்கு. வெள்ளிக்கிழமை மத்தியானம் அடுப்பில் நான் நிற்பேன், நிற்க முடியாதபோது உட்காருவேன், வேண்டாம் என்று சொல்ல மார்லீனுக்கு உரிமை இல்லை. மே மாதக் கடைசியில் போர்டு அவள் பெயருக்கு மாறும். பன்னிரண்டாயிரம் கையில், மிச்சம் ஆறு வருஷத்தில். மொத்த விலை முப்பத்தெட்டாயிரம் பவுண்டு, என் பெயர் சேர்க்காமல்.

இப்படிக்கு,
உன் அம்மா
எட்னா சக்டன்