நான்காவது வரி

மார்ச் 4

இல்லை, கவிதையை நான் அங்கே முடிக்கவில்லை. எழுதியது நான்கு வரி. பத்திரிகையில் மூன்றுதான்:

குழாயை இறுக்கி மூடினேன்.
சொட்டுகிறது.
எழுந்து போய்ப் பார்க்கிறேன்.

இடமில்லை என்று ஆசிரியர் வெட்டினாரா? பக்கத்தில் பாதி காலியாகக் கிடக்கிறதே.

மார்ச் 5

பழைய இதழ்களை நோட்டோடு ஒப்பிட்டேன். இதையும் சேர்த்து ஏழு கவிதைகளில் ஐந்துக்குக் கடைசி வரி இல்லை. இத்தனை நாளும் அச்சில் என் பெயரை மட்டும் பார்த்து மூடி வைத்திருக்கிறேன். வெட்கக்கேடு.

ஆசிரியருக்குக் காரமாக ஒரு கடிதம்.

மார்ச் 9

நாத்தனார் வந்திருந்தாள். "அண்ணி, உங்க கவிதை பாதியில கரண்ட் போன மாதிரி நிக்குது."

என் கணவர் சிரித்தார். "அதுதான் அவ ஸ்டைல்."

எப்போதிலிருந்து இவருக்கு என் ஸ்டைல் தெரியும்?

மார்ச் 13

ஆசிரியரின் பதில்: வந்ததை வந்தபடியே போட்டோம், சட்டென்று நின்றுவிடுகிற உங்கள் முடிவுகளைத்தான் எல்லோரும் பாராட்டுகிறார்கள். கூடவே அவருக்குப் போன டைப் பிரதி. மூன்று வரி.

டைப் செய்வது என் கணவர். என் கிறுக்கலை ஆபீசுக்கு எடுத்துப்போய் அடித்து, தபாலில் சேர்ப்பதும் இவர்தான். இரண்டு வருஷமாக. தோழிகளிடம் எவ்வளவு பெருமையடித்திருக்கிறேன் — சீ.

நோட்டைத் திறந்தேன். நான்காவது வரி: 'அவர் தூங்குவதுபோல் மூச்சு விடுகிறார்.'

காணாமல் போன ஐந்து வரிகளிலும் 'அவர்' இருக்கிறார். தப்பித்த இரண்டு கவிதைகளில் இல்லை.

மார்ச் 14

கேட்கவில்லை. கவனிக்கிறேன். விசிலடித்தபடி சட்டை மாட்டுகிறார். "புதுசா ஏதாவது இருக்கா? குடு, அடிச்சிட்டு வரேன்."

இல்லை என்றேன். இருந்தது.

மார்ச் 16

கேட்டுவிட்டேன்.

பேப்பரிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார்: "ஆபீஸ்ல நாலு பேர் படிக்கிறாங்க. நான் தூங்கற மாதிரி நடிக்கிறேன்னு ஊருக்கே சொல்லணுமா?"

"அப்போ நடிக்கறீங்க."

பக்கத்தைத் திருப்பினார்.

மார்ச் 17

மூன்று வரியாகவே மறுபடி படித்தேன். நன்றாகத்தான் இருக்கிறது. அதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

பாராட்டு யாருக்கு வந்தது? எனக்கா, அவர் கத்தரிக்கோலுக்கா?

மார்ச் 18

குழாய் சொட்டுகிறது. இன்று அவர் எழுந்து போய் மூடினார். மூடிவிட்டு என்னைப் பார்த்தார். இதையும் எழுதுவேனோ என்று பயமா?

எழுதிவிட்டேன்.

மார்ச் 20

நான் வேலை பார்க்கும் நூலகத்தில் சாப்பாட்டு நேரம். என் மேஜையிலேயே, இரண்டு விரலால், ஐந்து கவிதைகளையும் நானே டைப் செய்தேன். நான்கு முழுதாக. ஐந்தாவதின் கடைசி வரி உண்மையிலேயே மோசம். அதை நானே வெட்டினேன்.

உறையை ஒட்டி, தபாலில் சேர்த்துவிட்டு, நாலரை மணி பஸ்ஸில் வீட்டுக்கு வந்தேன்.