வகுப்பில் பெயர் கொடுத்தேன், மச்சான்

என் உயிரான மச்சான் யோசேப்புக்கு,

நீ போய் இரண்டு வருஷம் ஆகிறது. இந்தக் கடிதம் முழுக்க என் கையெழுத்து. அதைச் சொல்லவே கூசுகிறது. எனக்கு எழுதப் படிக்கத் தெரியும் என்றுதானே சாகும்வரை நம்பியிருந்தாய்?

கோயிலில் பாட்டுப் புத்தகத்தை விரித்துப் பிடித்துக்கொண்டு பாடுவேன். எல்லாம் மனப்பாடம். "எங்க மச்சான் படிச்சவரு" என்று சுரங்க லைன் வீடெல்லாம் பெருமையாகச் சொன்னாய். மறுக்க மனசு வரவில்லை.

அன்றைக்குச் சுரங்கத்துக்குள் இறங்கும் ஷாப்ட் வாசலில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. "இன்னா மச்சான் எழுதிகீது?" என்றாய். சுற்றிலும் ஆட்கள்; படிக்கத் தெரியாது என்று சொல்ல வெட்கம். "லீவு நாளைப் பத்திதான். நீ போ" என்று உன் காதோடு சொன்னேன். சிரித்துக்கொண்டே, ஆளைக் கீழே இறக்கும் கேஜில் ஏறினாய். வெடிப்புகை இன்னும் அடங்கவில்லை, கீழ் லெவலுக்கு யாரும் போகக்கூடாது என்று அதில் இருந்ததாம். உன்னை மேலே தூக்கி வந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

யாரிடமும் சொல்லவில்லை. உன் பெண்சாதி, என் கூடப்பிறந்தவள் எஸ்தரிடமும்.

போன வருஷம் அதே இடத்தில் இன்னொரு தாள். யாரோ என்னைப் படிக்கச் சொன்னார்கள். வயிற்றுவலி என்று சொல்லி ஓடிவந்துவிட்டேன். அந்த ஞாயிறே ஆண்டர்சன்பேட்டை கோயிலில் பெரியவர்களுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுக்கும் வகுப்பில் பெயர் கொடுக்கப் போனேன். எனக்கு முன்னால் எஸ்தர் நின்றிருந்தாள்.

"நீ இன்னாத்துக்குண்ணே வந்தே? சொல்லிக் குடுக்கவா?"

"எனக்குப் படிக்கத் தெரியாது எஸ்தரு. எப்பவுமே தெரியாது."

அன்றைக்கு ஷாப்ட் வாசலில் நான் உன்கூட நின்றது அவளுக்குத் தெரியும். "அப்போ அன்னிக்கு அந்தத் தாளு?"

அவள் பெயர் கொடுக்காமலே வெளியே போய்விட்டாள். வகுப்பு நடத்தும் உபதேசியார் நீட்டிய நோட்டில் கைநாட்டு வைத்தேன். மை இழுகிவிட்டது.

மறு ஞாயிறு அவளும் வந்து சேர்ந்தாள். முன் பெஞ்சில் உட்காருவாள், என் பக்கம் திரும்பவே மாட்டாள். என்னைவிட வேகமாகப் படிக்கிறாள். போன வாரம் எல்லார் முன்னாலும் வாசிக்கையில், 'வெள்ளாட்டுக்குட்டி' என்ற இடத்தில் திக்கி நின்றேன். அவள் திரும்பாமலே அந்தச் சொல்லை எடுத்துக் கொடுத்தாள். இத்தனை மாதத்தில் அவள் வாயிலிருந்து எனக்கு வந்தது அது ஒன்றுதான். அது இரக்கமா, மச்சான்? கேட்க எனக்கு வாயில்லை.

நீ கவனமில்லாமல் போய்ச் செத்தாய் என்று இங்கே இன்னும் பேசுகிறார்கள். வருகிற ஞாயிறு ஆராதனை முடிந்ததும் எழுந்து நின்று, "நான் சொன்ன பொய்யால்தான் யோசேப்பு இறங்கினான்" என்று எல்லோருக்கும் கேட்கச் சொல்வேன். இது சத்தியம்.

உன் முன்னால் தலைகுனிந்து நிற்கும்,
உன் எஸ்தரின் அண்ணன்,
தாவீது