மீன்தொட்டி ராசாத்தி

வேலைக்குப் புறப்படுமுன் ஜெசிந்தா, கணவன் அருட்செல்வத்துக்கு பிரிட்ஜ் கதவில் சீட்டு ஒட்டினாள்.

"இஞ்சேருங்கோ, எங்கடை நகரத்திலை இண்டைக்குப் பனிப்புயலாம். கரண்ட் நிண்டால் மீன்தொட்டியைக் கம்பளியாலை சுத்துங்கோ. பற்றரியிலை ஓடுற காத்துப் பம்ப் மேசையிலை கிடக்கு. மீனுக்குச் சாப்பாடு போடாதேங்கோ, தண்ணி பழுதாகும். உங்கடை சோறு அடுப்பிலை."

காலையில் நடந்தது அவளை இன்னும் சுட்டது. "ராசாத்தி, குளிருதோ?" என்று அவன் குரல் கேட்டது. எத்தனையோ வருடங்களுக்குப் பிறகு தன்னை அப்படிக் கூப்பிடுகிறான் என்று பூரித்து, குசினியில் சமைத்தபடியே "ஓம், குளிருது" என்றாள். எட்டிப் பார்த்தால், அவன் தொட்டிக் கண்ணாடியோடு முகத்தை ஒட்டி மீனைக் கொஞ்சிக்கொண்டிருந்தான்.

சீட்டின் அடியில் நெருக்கி எழுதினாள்:

"இருட்டினாப் பிறகு ராசாத்தி எண்டு கூப்பிட்டுப் பாருங்கோ. அந்த மீன் ஓம் எண்டால், இரவைக்கும் அங்கையே படுங்கோ."