மாலை போட்ட படம்

ஆகஸ்ட் 4, திங்கள்
காலையிலிருந்து தூறல். ஜெராய் மலை தெரியவில்லை. வேலை முடிந்து நேரே பீடோங் டென்னிஸ் கோர்ட். கேட்டில் பூட்டு. உள்ளே இரண்டு பேர் கோடுகளின் மேல் நீலப் பெயிண்ட் அடிக்கிறார்கள். பிக்கிள்பால் கோர்ட் ஆக்குகிறார்களாம், கட்டை மட்டையும் பிளாஸ்டிக் பந்துமாக ஆடுவது. ஊருக்கே அந்தப் பைத்தியம் இப்போது.

பள்ளிக்கூட வயதிலிருந்து அங்கேதான் ஆடுகிறேன். மாநிலச் சாம்பியன் ஐந்து தடவை. அடுத்த மாதம் அலோர் ஸ்டாரில் ஆறாவதற்குப் போட்டி. எங்கே போய்ப் பழகுவது? ஒரு வார்த்தை சொன்னார்களா, பாவிகள்.

வாங்க வேண்டியது: கிரிப் டேப், அம்மாவுக்கு மூட்டுத் தைலம்.

ஆகஸ்ட் 6, புதன்
கொளுத்தும் வெயில். விளையாட்டு மன்றச் செயலாளர் முனியாண்டி அண்ணனிடமிருந்து போன்.

"தங்கச்சி, ஞாயித்துக்கெழம தெறப்பு விழா. நீதான் ரிப்பன் வெட்டணும். நம்ம ஊரு சாம்பியன் லா."

என் கோர்ட்டை மூட என் கையிலேயே கத்தரிக்கோல்! வர மாட்டேன் என்றேன்.

"பரவால்ல லா. ஒன் படத்த வெச்சிக்கிறோம்."

கோபத்தில் சோறு இறங்கவில்லை. சாயங்காலம் சுங்கை லாலாங் தோட்டத்துப் பழைய ரப்பர் ஸ்டோர் சுவரில் பந்தடித்தேன். காரை பெயர்ந்த சுவர். பந்து எங்கெங்கோ போகிறது.

ஆகஸ்ட் 10, ஞாயிறு
மழை இல்லை. காலையிலிருந்து அம்மாவின் போன் ஓயவில்லை. முதலில் யான் ஊரிலிருந்து சித்தி, ஒரே அழுகை.

"எக்கா, நம்ம செல்விக்கு என்னாச்சு? எப்ப எடுக்கறாங்க?"

யாரோ வாட்ஸ்அப்பில் படம் போட்டிருக்கிறார்கள். மோட்டாரில் பறந்தேன்.

கோர்ட் வாசலில் மேசை, வெள்ளைத் துணி, பக்கத்தில் முனியாண்டி அண்ணன். கோப்பையோடு நான் சிரிக்கும் படம். அதற்கு ரோஜா மாலை. முன்னால் குத்துவிளக்கு வேறு எரிகிறது! ரோட்டில் போகிறவர்கள் வண்டியை நிறுத்திக் கும்பிட்டுவிட்டுப் போகிறார்கள்.

"ஏண்ணே, நா செத்தா போயிட்டேன்?"

"மரியாதைக்குத்தாம்மா போட்டோம்."

மரியாதையாம். ஒரு லைட் போடுங்கள் என்று எத்தனை வருடம் கெஞ்சினேன். வலை கிழிந்தபோது நானேதான் தைத்தேன். அப்போது எங்கே போனது இந்த மரியாதை?

விளக்கை அமர்த்தினேன். பழைய டென்னிஸ் வலைக்கம்பம் ஒன்று மட்டும் ஓரத்தில் மிச்சம். மாலையைக் கழற்றி அதில் மாட்டினேன்.

"செத்தது இதுண்ணே. இதுக்குப் போடுங்க."

படத்தைக் கையோடு தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். நாளையும் ஸ்டோர் சுவர்தான்.

இப்போதுதான் சாப்பாடு. எழுதிக்கொண்டே தின்கிறேன், நல்ல பசி. போன் இன்னும் அடிக்கிறது. கூடத்தில் அம்மா:

"இல்லங்க, இருக்கா. சோறு தின்னுக்கிட்டுத்தான் இருக்கா."