அப்பா போகும் வியாழக்கிழமைக் கூட்டம்

பிளாக்ஹவுஸ் பே,
ஆக்லாந்து,
17.8.1986

அன்பு மகள் கௌரிக்கு,

அப்பா எழுதுகிறேன். எங்கள் இருவருக்கும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லை, இங்கே மழைதான் இரண்டு கிழமையாக விடாமல் பெய்கிறது, நீயும் லண்டனில் நல்ல சுகத்தோடு இருப்பாய் என்ற நம்பிக்கையில்தான் பேனையை எடுத்தேன். அம்மா கிளென்ஃபீல்ட் மோலில் உனக்கென்று ஒரு கம்பளிச் சட்டை வாங்கி வைத்திருக்கிறாள், நிறம் எனக்குப் பிடிக்கவில்லை, உனக்குப் பிடித்தது என்று சொல்லிவிடு. அது நிற்க, போன ஞாயிறு நீ போனில் அழுதுகொண்டு, கலியாணம் முடியும்வரைக்கும் அந்தக் கூட்டத்துக்குப் போகவேண்டாம் அப்பா என்று கேட்டாய். போனில் கதைத்தால் நானும் அழுதுவிடுவேன் என்றுதான் அம்மாவிடம் கொடுத்துவிட்டுப் போனேன். இப்போது ஆறுதலாக இருந்து பதில் எழுதுகிறேன். போவேன் பிள்ளை. நிறுத்தமாட்டேன். கோபிக்காமல் கடைசிவரை வாசி.

எனக்குப் பிரஷர் என்று அம்மா உனக்கு எழுதினாள். பிரஷர் ஒன்றும் இல்லை, என் பிரஷர் இளந்தாரிகளுடையது போல இருக்கிறதென்று டொக்டரே சொன்னார். நடந்தது இதுதான். போன வருடம் ஒரு சனிக்கிழமை பின்னேரம் நான் சான்ட்ரிங்ஹம் றோட்டால் பஸ் ஓட்டிக்கொண்டு வந்தேன், ஈடன் பார்க் மைதானத்தில் றக்பி முடிந்து சனம் வெளியே வந்துகொண்டிருந்தது. என் பஸ்ஸைக் கண்டதும் ஒரு கூட்டம் பெடியன்கள் கையில் போத்தல்களோடு கத்திக்கொண்டு ஓடி வந்தார்கள். பஸ்ஸைப் பிடிக்க ஓடி வந்தார்கள், வென்ற சந்தோஷத்தில் கத்தினார்கள், வேறொன்றும் இல்லை, எனக்கு அது அப்போது விளங்கவில்லை. கதவைப் பூட்டினேன், என்ஜினை நிறுத்தினேன், உள்ளே இருந்த சனத்தைப் பார்த்து, எல்லாரும் சீற்றுக்குக் கீழ குனியுங்கோ, சத்தம் போடாதேங்கோ என்று தமிழில் சொன்னேன். கடைப் பைகளோடு இருந்த வெள்ளைக்காரக் கிழவிகளுக்குத் தமிழில் சொன்னால் எப்படி விளங்கும், ஆனாலும் ஒருத்தி குனிந்தாள், என் முகத்தைப் பார்த்திருப்பாள். நான் ஸ்ரியரிங்குக்குக் கீழே இருந்துவிட்டேன். கண்ணாடியில் தட்டினார்கள், தட்டத் தட்ட நான் இன்னும் இறுக்கமாகக் கண்ணை மூடினேன். எங்கள் டிப்போ இன்ஸ்பெக்டர் ஹோனே என்ற மனிதர், இந்த நாட்டின் ஆதிக்குடியான மாவோரி இனத்தவர், வந்துதான் அந்தப் பெடியன்களை அனுப்பினார். அவர் என்னை ஏசவும் இல்லை, கதவைத் திறக்கச் சொல்லவும் இல்லை, வெளியே மழைக்குள் என் கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் நின்றுகொண்டிருந்தார். கொஞ்ச நேரத்தால் நானே திறந்தேன்.

பிறகு டொக்டர், குளிசை, மூன்று மாத லீவு. டொக்டர் நல்ல மனிதர்தான், நீ கோல்ஃப் விளையாடிப் பார் என்றார். கொழும்பில் கந்தோர் மேசையிலேயே காலத்தைக் கழித்து இங்கே பஸ் ஓட்டுகிற எனக்குக் கோல்ஃப். குளிசையால் நித்திரை வந்தது, அதைக் குறை சொல்லமாட்டேன், ஆனால் விழித்திருக்கிற நேரத்துக்கு ஒன்றும் இல்லை. ஹோனேதான் ஒரு வியாழக்கிழமை வீட்டுக்கு வந்து காரில் ஏற்றிக்கொண்டு போனார். ஒரு சின்ன மண்டபம், உள்ளே எல்லாரும் எங்களைப் போல நிறமுள்ள ஆம்பிளைகள். மாவோரி, சமோவாத் தீவுக்காரர், தொங்காத் தீவுக்காரர், டெய்ரி என்று இங்கே சொல்கிற மூலைக்கடை வைத்திருக்கிற ஒரு குஜராத்திக்காரர். டொக்டருக்கு முன்னால் வாய் திறக்காதவர்கள், மனைவிக்கும் சொல்லாதவர்கள், அங்கே எழும்பி மனதில் கிடப்பதைச் சொல்கிறார்கள். அங்கே கதைத்ததை வெளியே கொண்டுபோகக்கூடாது, அதுதான் சட்டம், ஆகவே மற்றவர்களுடைய கதையை உனக்கும் எழுதமாட்டேன், என்னுடையதை மட்டும் எழுதுகிறேன். மாவோரி முறைப்படி ஒருவர் எழும்பினால் முதலில் தன்னுடைய மலையைச் சொல்லவேண்டும், ஆற்றைச் சொல்லவேண்டும், பேர் கடைசியில்தான். என் முறை வந்தது. யாழ்ப்பாணத்தான் மலைக்கு எங்கே போவான், ஆற்றுக்கு எங்கே போவான். எழும்பி நின்று, எங்களுக்கு இரண்டும் இல்லை, கிணறுதான் இருக்கிறது என்றேன். சிரிப்பார்கள் என்று நினைத்தேன். இறைச்சித் தொழிற்சாலையில் வேலை செய்கிற ஒரு சமோவாக்காரர், அப்படியென்றால் உன் கிணற்றைச் சொல் என்றார். எங்கள் ஊர் வளவுக் கிணற்றைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன், வந்தது கொழும்பு வெள்ளவத்தைக் கிணறு.

எண்பத்துமூன்று யூலைக் கலவரத்தில் தமிழரைத் தேடித் தேடி அடித்தபோது நீ லண்டனில் இருந்தாய். நானும் அம்மாவும் பக்கத்து வீட்டுக் கிணற்றுக் கட்டுக்குப் பின்னால் ஒளித்திருந்ததை உனக்குச் சொல்லியிருக்கிறோம். சந்தியில் யோகராஜா மாமாவை மறித்துக் காரோடு எரித்தார்கள் என்பதும் உனக்குத் தெரியும். அவருடைய குரல் எங்களுக்குக் கேட்டது என்பதைச் சொல்லவில்லை. அம்மாவும் நானும் அதை ஒருவரோடொருவர் கூடக் கதைத்ததில்லை. அன்றைக்கு அந்த மண்டபத்தில் சொன்னேன், சொல்லிவிட்டு வாய்விட்டு அழுதேன். ஒருவரும் என் முதுகில் தட்டி அழாதே என்று சொல்லவில்லை. நான் அழுது முடியும்வரை இருந்துவிட்டு, அடுத்த ஆள் எழும்பித் தன்னுடைய மலையைச் சொன்னார். அதற்குப் பிறகுதான், மகள், எனக்கு மெல்ல மெல்லச் சுகம் வந்தது. இப்போது திரும்பவும் பஸ் ஓட்டுகிறேன், றக்பிச் சனத்தையும் ஏற்றுகிறேன்.

இனி ஏரம்பமூர்த்தியின் கதைக்கு வருகிறேன். உனக்குப் பேசியிருக்கிற மாப்பிள்ளையின் தகப்பனுக்கு ஒன்றுவிட்ட தம்பி, உனக்குத் தெரியும்தானே, எங்களைப் பற்றி விசாரித்து எழுதும் பொறுப்பை அவரிடம்தான் கொடுத்திருக்கிறார்கள். வீட்டுக்கு வந்து, அம்மா சுட்ட தோசையை வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டுப் புத்தி சொல்லத் தொடங்கினார். அந்த இடத்துக்குப் போவதை நிறுத்தட்டாம், யாரும் கேட்டால் வியாழக்கிழமையில் காட்ஸ் விளையாடப் போனதாகச் சொல்லட்டாம், அப்படியென்றால் தானும் அப்படியே எழுதிவிடுவாராம்.

"அண்ணை, குறை நினைக்காதேங்கோ, தகப்பனுக்கு விசர் எண்டு ஒரு சொல்லுப் போனால் காணும், பிள்ளையின்ர வாழ்க்கை போச்சு" என்றார்.

வேறு எந்தத் தமிழ் ஆட்கள் அங்கே வருகிறார்கள் என்றும் கேட்டார். அது உமக்குத் தேவையில்லாத விஷயம் என்று சொல்லிவிட்டு, என்னைப் பற்றி எழுதவேண்டியதையும் நானே சொல்லிக் கொடுத்தேன்.

"தகப்பனுக்கு மனவருத்தம் வந்தது, மருந்து எடுத்தவர், வியாழக்கிழமையில கூட்டத்துக்குப் போறவர், இனியும் போவார் எண்டு எழுதும். ஒரு எழுத்தும் குறையாமல் எழுதும்."

அவர் தேத்தண்ணியைப் பாதியில் வைத்துவிட்டு எழும்பினார். அம்மா இரண்டு நாள் என்னோடு கதைக்கவில்லை. அவளும் உன் கட்சிதான். ஆனால் வியாழக்கிழமை நான் காருக்குப் போனபோது முன் சீற்றில் ஒரு ரின் நிறைய வடை இருந்தது, இன்னும் சூடு ஆறவில்லை.

இப்போது என் காரில்தான் வேறு தமிழ் ஆட்களும் அந்தக் கூட்டத்துக்கு வருகிறார்கள் பிள்ளை. வீட்டில் அவர்கள் என்ன சொல்லிவிட்டு வருகிறார்களோ, அது அவர்கள் பாடு. நான் ஒளித்தால் அவர்களும் ஒளித்துக்கொள்வார்கள், அடுத்த கிழமை வரமாட்டார்கள், வராவிட்டால் என்ன நடக்கும் என்பது எனக்குத் தெரியும். ஒவ்வொரு நாளும் விஸ்கிப் போத்தலோடு இருக்கிறவனை எங்கள் சனம் கலியாண வீட்டில் பெரிய மனிதர் என்று முன் கதிரையில் இருத்தும், வாய் திறந்து அழுகிறவனைப் பார்த்து விசரன் என்று சொல்லும். சொல்லட்டும். நாளைக்கு உன்னைத் தாரை வார்த்துக் கொடுக்கப்போகிறவன் நான், பொய் சொல்லிக்கொண்டு அந்த இடத்தில் நிற்க என்னால் முடியாது.

இந்தக் கலியாணத்தைக் குழப்புவது என் நோக்கம் இல்லை. பெடியன் நல்லவன் என்று நீ சொன்னாய், நான் நம்புகிறேன். சாதகம் நல்ல பொருத்தம் என்று சாத்திரியாரும் எழுதியிருக்கிறார். அவர் பார்க்காத பொருத்தம் ஒன்று இருக்கிறது, அதை நீதான் பார்க்கவேண்டும். அடுத்த மாதம் அவன் உன்னைச் சந்திக்க வரும்போது, ஏரம்பமூர்த்தி எழுதியது இருக்கட்டும், நீயே உன் வாயால் சொல். என் அப்பா பஸ்ஸை நிறுத்திக் கதவைப் பூட்டினவர், இப்போது மற்ற ஆம்பிளைகளோடு இருந்து கதைத்து அழுது சுகமானவர் என்று சொல். சொல்லிவிட்டு அவனுடைய முகத்தைப் பார். முகம் கோணினால் மரியாதையாகத் தேத்தண்ணி கொடுத்து அனுப்பிவிடு. உங்கட அப்பா இப்ப எப்பிடி இருக்கிறார் என்று அவன் கேட்டால், அந்தப் பெடியனைக் கட்டு.

நைற் டியூட்டி முடிந்து வந்து வெறும் தேத்தண்ணியோடு படுக்காதே. பிள்ளையார் உனக்குத் துணையாக நிற்கட்டும், நீ எந்த முடிவை எடுத்தாலும் அம்மாவும் அப்பாவும் உன் பக்கம்தான். நேரம் கிடைக்கும்போது போன் எடு, ஆனால் வியாழக்கிழமை பின்னேரம் எடுக்காதே, நான் வீட்டில் இருக்கமாட்டேன்.

உன் அன்பு அப்பா,
க. செல்வரத்தினம்