மேகம் கொண்டுவந்த கண்மாய்

மாப்ள, இப்போது நான் சொல்லப்போவதை மதுரை ஜில்லாவில் ஒரு ஜீவனும் நம்பாது என்று, மீனாட்சி சாட்சியாக, உன் வேதக்கோயில் மணி சாட்சியாக உறுதி கூறுகிறேன்.

இன்று அவனியாபுரத்தில் பஸ்ஸுக்கு நின்றபோது, கண்மாய் வண்டல் ஏற்றிய டிப்பர் ஒன்று முன்னால் வந்து நின்றது. அந்தப் பாசி வாடை அடித்ததும் வந்த பஸ்ஸை விட்டுவிட்டேன். அடுத்ததையும் விட்டேன். நடந்தே வீட்டுக்கு வந்து இதை எழுதுகிறேன். முன்பெல்லாம் ஒரு பொய்யை ஊதி யானையாக்க எனக்கு அரை டீ போதும். இப்போது ஓர் உண்மையைத் தூக்கி உட்காரவைக்கவே மூச்சு வாங்குகிறது.

அந்தக் காலத்தில் நீ பள்ளியில் தாவரவியல் வாத்தியார், நான் அங்கே ஆபீஸ் கிளார்க். உலகத்துக்கே நான் மாமா. அந்த வகையில் உனக்கும். தாளாளர் ஒருநாள் பாலைவனத் தோட்டம் வேண்டும் என்றார். சகாராவே வில்லாபுரத்தில் நம் பள்ளிக்கு மாற்றலாகி வருகிறது, ஒட்டகத்துக்கு வருகைப் பதிவேடு நான்தான் எழுதப்போகிறேன் என்று சொல்லித் திரிந்தேன். நீயோ என்னை வண்டியில் ஏற்றி அழகர்கோவில் ரோட்டுக்குக் கூட்டிப்போனாய். சரளை மேட்டில் சதுரக்கள்ளியும் ஆவாரையும் நின்றன. பத்தடி தள்ளிப் பள்ளத்துக் களிமண்ணில் ஒரு கள்ளிகூட இல்லை, வெறும் புல். அதற்கும் அப்பால் உவர் பூத்த வெள்ளைத் திட்டில் புல்லும் இல்லை.

"மூணுக்கும் ஒரே மழை, ஒரே வெயில்தான் மாமா. களிமண்ணு தண்ணியை மேலயே வச்சிருந்து வெயிலுக்குக் கொடுத்துரும். சரளை ஆழத்துல ஒளிச்சு வச்சுக்கும். பாலைவனத்துலயும் இதே கதைதான். எந்தச் செடி எங்க நிக்கணும்னு மண்ணுதான் சொல்லும். கள்ளிக்குக் கால் நனைஞ்சே கிடக்கக் கூடாது."

இரண்டடிப் பள்ளம், அதில் சரளையும் உடைத்த செங்கல்லும், மேலே மணல். துண்டுச்சீட்டில் எழுதி என்னிடம் கொடுத்துவிட்டுப் பரீட்சை வேலைக்குப் போனாய். சரளைக்காரர் மூன்று நாள் இழுத்தடித்தார். வெயில் வேறு மண்டையைப் பிளந்தது. திருவாதவூரில் என் மைத்துனர் கண்மாய் வண்டல் அள்ளிக்கொண்டிருந்தார். நெல்லுக்கே ஆகிற மண், பாவப்பட்ட கள்ளிக்கு ஆகாதா என்று ஒரு லாரி கொட்டிவிட்டேன். மேலே ஒரு சாண் மணல். பார்வைக்கு சகாராதான். உன்னிடம் சொல்லவில்லை.

அதில் நட்ட கள்ளிகள் எல்லாம் ஐப்பசி மழையில் அடியிலிருந்து அழுகிச் சாய்ந்தன. ஊர் ஊராய்த் தேடி, பஸ்ஸில் மடியில் வைத்து நீ கொண்டுவந்த செடிகள். தாளாளர் உன்னை அழைத்தார். பாடம் நடத்துகிற வாத்தியாருக்கே எந்த மண்ணில் எது வளரும் என்று தெரியவில்லையே என்றார். நான் ஃபைலோடு பக்கத்தில் நின்றேன். சொல்லத்தான் வாயைத் திறந்தேன், கதை வந்துவிட்டது. அழகர்மலையில் வழிதவறிய ஒரு மேகம் திருவாதவூர்க் கண்மாயை மண்ணோடு உறிஞ்சிவந்து, பக்கத்துத் தெருவில் வத்தல் காய்ந்துகொண்டிருக்க, நம் தோட்டத்தில் மட்டும் நாற்பது நாள் கொட்டியது என்றேன். தாளாளர் வயிறு குலுங்கச் சிரித்தார். தோட்டத்தை மட்டும் உன்னிடமிருந்து எடுத்து, கைப்பந்து மைதானமாக்கிவிட்டார்.

அன்று மாலை நீ செத்த கள்ளி ஒன்றைப் பிடுங்கினாய். வேரோடு வந்த கறுப்பு மண்ணில் ஒரு நத்தைக்கூடு. அதை விரலால் துடைத்து என் மேசையில் வைத்தாய்.

"மேகம் நல்லா அள்ளியிருக்கு மாமா."

 அதன்பின் ஓய்வு பெறும்வரை நீ பிள்ளைகளைச் செடி காட்ட வெளியே கூட்டிப்போகவே இல்லை. கரும்பலகையில் கள்ளி வரைந்தே பாடத்தை முடித்தாய்.

போன மாதம் உன் நினைவுக் கூட்டத்தில் என்னைப் பேசச் சொன்னார்கள். மேகக் கதைதான் வேண்டுமாம். சொன்னேன். சபை சிரித்தது. சிரிப்பு அடங்கியதும், சார் சரளைதான் கேட்டார், வண்டலைக் கொட்டிச் செடியைக் கொன்றது நான்தான் என்றேன்.  பழைய தாளாளர்தான் முதலில் சிரித்தார். மேகத்துக்குச் சிரித்ததைவிட அதற்குத்தான் எல்லோரும் அதிகம் சிரித்தார்கள். உன் மகள் கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்து என் கையைப் பிடித்தாள்.

"எங்கப்பா மேல உங்களுக்கு எம்புட்டுப் பாசம் மாமா. அவர் பழியைக்கூட நீங்க வாங்கிக்கிறீங்களே."

மறுபடி சொல்லத் தெம்பில்லை. உட்கார்ந்துவிட்டேன். இத்தனை வருஷம் நான் வளர்த்த பெயர், என் ஓர் உண்மையைக்கூட நிற்கவிடவில்லை.

நீயாவது கேட்டுக்கொள். மேகம் பொய். நாற்பது நாள் பொய். மழை ஒரு வாரம்தான், தண்ணீர்தான் இறங்காமல் நின்றது. வத்தலும் பொய். கண்மாய் வந்தது மட்டும் நிஜம் மாப்ள.