இடது என்று சொன்ன காது

இன்று காலை பஸ்ஸின் மேல்தட்டில், முன் இருக்கையில், கண்ணை மூடிக்கொண்டிருந்தேன். பஸ் திரும்பியது. "இடது" என்று என் வாய் சத்தமாகவே சொல்லிவிட்டது. பக்கத்தில் இருந்த பெண் திடுக்கிட்டுத் தன் பையை அணைத்துக்கொண்டாள். கண்ணைத் திறந்து பார்த்தேன், இடதேதான்! நீ போன பிறகும் இந்த விளையாட்டு என்னை விடவில்லையடி. வீட்டுக்கு வந்ததும், சமையல் கிடக்கட்டும் என்று உனக்கு எழுத உட்கார்ந்துவிட்டேன்.

எண்பதுகளின் கடைசி அது. வால்தம்ஸ்டோவில் ஒரு வீட்டு மேல்மாடியை இருவரும் பங்குபோட்டிருந்தோம். எனக்குச் சலவைக்கடையில் வேலை, நீ பஸ்ஸில் கண்டக்டர். டிக்கெட் கொடுத்தது போதும், இனி ஸ்டியரிங்தான் என்று டிரைவர் வேலைக்கு விண்ணப்பித்திருந்தாய். யாழ்ப்பாணத்தில் சைக்கிளுக்கே தகப்பனிடம் ஏச்சு வாங்கினவள், லண்டனில் இரண்டுதட்டு பஸ் ஓட்டப் போகிறாள்! எனக்கே உன்னைவிட அவசரம்.

வெள்ளிக்கிழமை எண்ணெய் முழுக்கை மட்டும் நீ விடவேயில்லை. ஊரில் நல்லெண்ணெயைச் சூடாக்கித்தான் காதுக்கு விடுவார்கள். இங்கே உனக்கு ஷிப்டுக்கு ஓட வேண்டும், சூடாக்க எங்கே நேரம்? குளியலறை யன்னலோரம் குளிரில் விறைத்துக் கிடந்த எண்ணெய்ப் போத்தலை எடுத்து வலக்காது நிரம்ப ஊற்றுவாய். பிறகு பாத்டப்பில் தலையைச் சாய்த்துப் படுத்துவிடுவாய், ராணி மாதிரி.

அந்த மாரிக் குளிரில் ஒரு வெள்ளி, உள்ளேயிருந்து என் பெயரைக் கூப்பிட்டாய். ஓடி வந்தால், தொட்டியின் இரண்டு விளிம்பையும் பிடித்துக்கொண்டு கிடக்கிறாய். உன் கண்மணிகள் ஒரு பக்கமாக ஓடி ஓடித் திரும்பின. வீடு சுற்றுகிறது என்றாய். இரண்டு மூன்று நிமிடத்தில் நின்றுவிட்டது. அடுத்த வெள்ளியும் அதே கூத்து, அதற்கடுத்த வெள்ளி சாப்பிட்டதெல்லாம் வெளியே வரச் சத்தியும் எடுத்தாய்.

கீழ்வீட்டு அக்கா நாவூறு என்று சொல்லி, செத்தல் மிளகாயைச் சுற்றி அடுப்பில் போட்டா. புகை மணி அலறித் தெருவே எட்டிப் பார்த்தது. நான் பிரஷர் என்றேன். நீயோ மூளையில் ஏதோ வளருகிறது என்று முடிவே கட்டிவிட்டாய்.

டிரைவர் வேலைப் படிவம் மேசையில் கிடந்தது. தலைச்சுற்று உண்டா என்று அதில் ஒரு கேள்வி. இல்லை என்று எழுது, யார் கண்டது என்றேன். நீ பேனையை மூடி வைத்தாய்.

"பொய் எழுத ஏலாதடி. எனக்குப் பின்னால ஒரு பஸ் சனம் இருக்கும்."

எனக்குக் கோபம் வந்தது. இரண்டு நாள் உன்னோடு பேசவில்லை. இன்று நினைத்தால் வெட்கமாக இருக்கிறது, சரியாகச் சொன்னவள் நீதான்.

டொக்டரிடம் கடிதம் வாங்கி, ஆஸ்பத்திரியின் காதுப் பிரிவுக்குப் போனோம். பஸ் இங்கிலீஷ் உனக்குப் போதும், டொக்டரோடு பேச மொழிபெயர்க்க நான். வழியெல்லாம் நீ எனக்கு ஒரே புத்திமதி, எண்ணெய்க் கதையை மட்டும் எடுக்காதே, எங்களைப் பட்டிக்காடு என்று நினைப்பார்கள் என்று. பெண் டொக்டர் காதுக்குள் விளக்கடித்துப் பார்த்து, ஏன் இப்படி மினுங்குகிறது என்று கேட்டா. குளித்த சவர்க்கார நுரை என்றேன் நான். படிவத்தில் பொய் எழுத மாட்டேன் என்றவள் பக்கத்தில் வாயே திறக்காமல் இருந்தாய், கள்ளி!

பிறகு உன்னைப் படுக்க வைத்து, தலையைக் கொஞ்சம் உயர்த்தி, வலக்காதுக்குள் குளிர்ந்த தண்ணீரைக் குழாயால் விட்டா. அரை நிமிடம் ஆகியிருக்கும். உன் கண்மணிகள் ஓடத் தொடங்கின. பாத்டப்பில் கண்ட அதே ஓட்டம்! என் கையை நசுக்கிப் பிடித்தாய்.

"எடி, இதுதான்! இதே சுத்துத்தான்! எண்ணெயைச் சொல்லடி!"

நான் எல்லாவற்றையும் கொட்டினேன். வெள்ளிக்கிழமை, யன்னலோரப் போத்தல், தலையைச் சாய்த்துப் படுத்தது, சவர்க்காரம் என்ற பொய் வரைக்கும். டொக்டர் பேனையைக் கீழே வைத்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தா. இந்தச் சோதனையைத்தான் உங்கள் சிநேகிதி வெள்ளிக்கு வெள்ளி வீட்டிலேயே செய்திருக்கிறா என்றா.

அப்போதுதான் ஒரு படத்தைக் காட்டினா. கேட்கிறதற்கு நத்தை ஓடு மாதிரி ஒன்று, அதற்குப் பக்கத்திலேயே மூன்று குட்டி வளையங்கள், உள்ளே தண்ணீர். தலை திரும்பினால் அந்தத் தண்ணீர் ஒரு கணம் பிந்தும், அதை வைத்துத்தான் எந்தப் பக்கம் திரும்புகிறோம் என்று மூளைக்குத் தெரியும். ஒரு காது மட்டும் குளிர்ந்தால், தலை அசையாமலே அந்தத் தண்ணீர் ஓடும். மூளை ஏமாந்து, கண்ணையும் கூட இழுக்கும். காது கேட்கத்தான் என்று இருந்த எனக்கு மயிர் சிலிர்த்தது. நாங்கள் விழாமல் நடப்பதே காதால் அல்லவா!

உனக்கு ஒரு கேள்விதான்.

"அப்ப என்ர காது பழுதோ எண்டு கேள்."

கேட்டேன். குளிர்ந்த தண்ணீர் விட்டும் சுற்றாமல் இருந்திருந்தால்தான் கவலைப்பட்டிருப்பேன், இது முதல்தரக் காது என்றா. மற்றச் சோதனைகளையும் முடித்துவிட்டு, காதுக்குள் இனி ஒரு சொட்டும் விடக்கூடாது என்று கண்டித்து, படிவத்தோடு வைக்க ஒரு கடிதமும் தந்தா. நீ சத்தி எடுக்கும் சட்டியை மடியில் வைத்துக்கொண்டு சிரித்தாய். நான் அழுதேன்.

திரும்பி வரும்போது பஸ்ஸின் மேல்தட்டில்தான் அந்த விளையாட்டைத் தொடங்கினாய். கண்ணை மூடு, எந்தப் பக்கம் என்று சொல்லு. வீடு வரைக்கும் இடது, வலது என்று கத்திக்கொண்டு வந்தோம். பிறகு நீ ஓட்டிய முதல் பஸ்ஸில் நான்தான் ஏறினேன். ஒவ்வொரு திருப்பத்துக்கும் மேலேயிருந்து கண்ணை மூடிக்கொண்டே காலால் தட்டினேன், இடதுக்கு ஒன்று, வலதுக்கு இரண்டு. இறங்கும்போது, ஒன்றுகூடப் பிழையில்லை என்று நீ கண்ணைச் சிமிட்டினாய்.

உன் கடைசிப் பயணத்தில் பின்னால் வந்த காரில் இருந்தேன். முன்னால் போகும் உன்னைப் பார்க்க மனம் வராமல் கண்ணை இறுக்கி மூடினேன். கார் திரும்பியது. இடது. மயானத்துக்கு இடப்பக்கம்தான் திரும்ப வேண்டும். கண்ணை மூடியும் எனக்குத் தெரியாமல் போகவில்லை.

அன்று அது ஒன்றைத்தான் வாய்விட்டுச் சொல்லவில்லை. மற்றபடி இந்த ஊரில் எந்த பஸ் திரும்பினாலும் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன், கீழே ஸ்டியரிங்கில் நீ இருக்கிறாய் என்ற நினைப்பில்.